மீட்டர் 11 ஓம் காட்டியது, நான் நம்பினேன்: பழைய கிதார் கேபினெட்டோடு நாலரை மாதம்

கிதார் வாசிக்கிறவர்களுக்கு மனதில் ஏதாவது ஒரு பெட்டி மேல் ஆசை இருக்கும். எனக்கு அது 1970களின் மார்ஷல் கேபினெட், அதாவது ஸ்பீக்கர் பெட்டி. உள்ளே நாலு பன்னிரண்டு இன்ச் செலஸ்டியன் ஸ்பீக்கர், முன்னால் சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் போட்ட துணி. நான் இருப்பது லண்டனில் சவுத்தால் பக்கம். உக்ஸ்பிரிட்ஜ் ரோட்டில் 207 பஸ் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் ஹான்வெல். 1960களின் தொடக்கத்தில் ஜிம் மார்ஷல் இசைக்கருவிக் கடை நடத்தியது அந்த ரோட்டில்தான். 1962 வாக்கில் முதல் மார்ஷல் ஆம்ப்கள் (கிதார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்கள்) வந்ததும் அந்தக் கடையிலிருந்துதான். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன். அதனால் போன வருடம் அக்டோபரில், ஒருவர் தன் வீட்டிலிருந்த பழைய கேபினெட்டை 780 பவுண்டுக்கு விற்கிறார் என்று தெரிந்ததும் அடுத்த சனிக்கிழமையே வேன் வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வேனுக்கு 85 பவுண்டு.

அங்கே நான் பார்த்ததெல்லாம் வெளித்தோற்றம். துணி கிழியவில்லை, மூலைகளில் அடிபட்ட தடம் குறைவு, பின்னால் ஜாக் பக்கத்தில் 16 ஓம் என்று எழுதியிருந்தது (ஓம் என்பது ஸ்பீக்கர் கரண்டுக்குக் காட்டும் எதிர்ப்பின் அளவு). "நாலும் ஒரிஜினல்" என்றார் விற்றவர். அவருடைய சின்ன ஆம்ப் ஒன்றைச் செருகி மெதுவாக வாசித்துக் காட்டினார். நாலு ஸ்பீக்கரிலும் காதை வைத்துக் கேட்டேன், நாலிலும் சத்தம் வந்தது. பின்பலகையைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்க வாய் வரவில்லை. அடுத்தவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இருபது ஸ்க்ரூவைக் கழற்றுவது மரியாதைக் குறைவு என்று பட்டது. இன்றைக்கு யாராவது வாங்கப் போகிறேன் என்றால் நான் முதலில் சொல்வது இதைத்தான்: கூச்சப்படாமல் கேளுங்கள். ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு மல்டிமீட்டர், ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரி, போனில் இருக்கிற டார்ச், இவ்வளவு போதும். கால் மணி நேர வேலை. கழற்ற விடமாட்டேன் என்று ஒருவர் சொன்னால், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டிக்கு என்ன விலையோ அதை மட்டும் கொடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒன்றும் பார்க்காமல் செருகிவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். என்னிடம் இருப்பது 50 வாட் வால்வு ஆம்ப், டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வால்வுகளில் ஓடுவது. வால்வு ஆம்புக்கு ஸ்பீக்கரின் ஓம் சரியாகப் பொருந்தவேண்டும் என்பது தெரியும். ஸ்பீக்கர் கேபிளை கேபினெட்டில் செருகி, மறுமுனையில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். 11.1 காட்டியது. மீட்டர் அளப்பது கம்பியின் டிசி எதிர்ப்பை மட்டும்தான், இம்பீடன்ஸ், அதாவது வாசிக்கும்போது ஸ்பீக்கர் காட்டும் மொத்த எதிர்ப்பு, அதைவிடக் கூடுதலாக இருக்கும் என்று படித்திருந்தேன். எட்டு ஓம் ஸ்பீக்கர் என்றால் மீட்டரில் ஆறு, ஆறரை என்றுதான் வரும். பதினாறு ஓம் என்றால் பதினாறைவிடக் குறைவாக ஏதோ ஒன்று வரும், பதினொன்று அதற்குள் அடங்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஆம்பில் ஸ்பீக்கரின் ஓமைத் தேர்ந்தெடுக்கும் செலக்டரை 16-இல் வைத்தேன். இந்த ஒரு முடிவுதான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் காரணம். அதனால் அதை விளக்கிவிட்டு மேலே போகிறேன்.

ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் 16 ஓம் என்பது ஒரே ஒரு நிலையான எண் கிடையாது. சுருதிக்குச் சுருதி அது மாறும். ஸ்பீக்கரில் ஆடுகிற காகிதக் கோன் தானாக அதிர விரும்பும் சுருதி ஒன்று உண்டு. இந்தப் பழைய கிதார் ஸ்பீக்கர்களில் அது 75 ஹெர்ட்ஸ் பக்கம். அந்த இடத்தில் இம்பீடன்ஸ் எழுதியிருப்பதைப்போல் பல மடங்கு ஏறும். அதைத் தாண்டினால் இறங்கி, சில நூறு ஹெர்ட்ஸில் அடிமட்டத்தைத் தொட்டு, அப்புறம் கோனை ஆட்டும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலின் இண்டக்டன்ஸால், அதாவது சுருதி ஏற ஏறக் கரண்டைத் தடுக்கும் குணத்தால், மறுபடியும் மெதுவாக ஏறும். அந்த அடிமட்டத்தை ஒட்டிய எண்ணைத்தான் ஸ்பீக்கர் மேல் அச்சடிக்கிறார்கள். மீட்டர் காட்டும் டிசி எதிர்ப்பு அதைவிடவும் குறைவு. நல்ல நிலையில் இருக்கிற 16 ஓம் பழைய கிரீன்பேக் (பின்னால் பச்சை மூடி போட்ட செலஸ்டியன்) ஸ்பீக்கரில் பன்னிரண்டரையிலிருந்து பதின்மூன்று வரை பார்த்திருக்கிறேன். அப்படியானால் நாலு 16 ஓம் ஸ்பீக்கரை இரண்டிரண்டாக சீரீஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) கோத்து, அந்த இரண்டு ஜோடியையும் பேரலலில் (பக்கம் பக்கமாக) சேர்த்தால் மொத்தமும் அதே பன்னிரண்டரை, பதின்மூன்றுதான் வரவேண்டும். பதினொன்று வந்தால் அங்கே கேள்வி கேட்கவேண்டும். "கொஞ்சம் குறைவாகத்தானே வரும்" என்று விடக்கூடாது. எவ்வளவு குறைவு என்பதற்குள்தான் விஷயமே இருக்கிறது.

நான் விட்டுவிட்டேன். வாசித்தபோது சத்தம் வந்தது, ஆனால் உடம்பில்லாத சத்தம். அடித்தந்தியை அறைந்தால் வயிற்றில் தட்டவேண்டிய பெட்டி, தகர டப்பாவைத் தட்டியதுபோல் ஒலித்தது. தந்தியை மாற்றினேன். பெட்டியை அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நகர்த்தினேன். அப்புறம் ஆம்பின் வால்வுகள் பழசாகிவிட்டன போலிருக்கிறது என்று புதிதாக இஎல்34 வால்வு ஜோடி ஒன்று வாங்கினேன், 58 பவுண்டு. போட்டு பயஸ் (வால்வு ஓய்வில் இழுக்கும் கரண்ட்) சரிசெய்து உள்ளே ஒருமுறை பார்த்துக்கொடுக்க மெக்கானிக்குக் கொடுத்தது 75 பவுண்டு. அவர் தன்னிடமிருந்த கேபினெட்டில் போட்டுப் பார்த்து, ஆம்ப் நன்றாக இருக்கிறது என்றார். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. அவர் கடையில் கேட்டபோது அவ்வளவு கனமாக ஒலித்தது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மறுபடியும் அதே தகரம். அந்த இடத்திலாவது எனக்குப் பொறி தட்டியிருக்கவேண்டும். ஒரே ஆம்ப், வேறு பெட்டியில் நன்றாக ஒலிக்கிறது என்றால் பழுது பெட்டியில் என்றுதானே அர்த்தம். எனக்கோ ஆசைப்பட்டு வாங்கிய பொருள். அதைச் சந்தேகிக்க மனம் வரவில்லை. அறையைத்தான் குறை சொன்னேன்.

டிசம்பர் நடுவில் ஒத்திகை ஸ்டுடியோவுக்கு எடுத்துப் போனோம். ஜனவரியில் இங்குள்ள தமிழர்கள் நடத்தும் பொங்கல் விழாவில் எங்களுக்கு அரை மணி நேரம் கொடுத்திருந்தார்கள், அதற்கான ஒத்திகை. முதல்முறையாக ஆம்பை நன்றாகத் திறந்து வாசித்தேன். நாற்பது நிமிஷம் போயிருக்கும். பாட்டின் நடுவில் திடீரென்று சத்தம் பாதியாகச் சுருங்கியது, திரும்ப வந்தது, மறுபடி சுருங்கியது. நான் ஒலியைக் கூட்டினேன். அடுத்த சில நொடியில் ஆம்பின் பின்பக்கம் 'சட்'டென்று ஒரு சத்தம், வால்வின் அடியில் நீலமாக ஒரு பொறி, ஃபியூஸ் போய் எல்லாம் அணைந்தது. எரிந்த வார்னிஷ் வாசம் அறை முழுக்க. டிரம்ஸ் வாசித்தவர் ஓடிப்போய் பிளக்கை உருவினார். எனக்குக் கை நடுங்கியது. அந்த ஆம்பை மூன்று வருடம் சேமித்து வாங்கியிருந்தேன்.

வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. புதிது 92 பவுண்டு, மறுபடியும் வால்வு ஜோடி 58, வேலைக்கூலி 120. "வாசிக்கும்போது லோடு அறுந்திருக்கும், கேபினெட்டைப் பாருங்கள்" என்று மெக்கானிக் சரியாகத்தான் சொன்னார். லோடு என்றால் ஆம்ப் ஓட்டும் ஸ்பீக்கர். வீட்டுக்கு வந்து மீட்டரை வைத்தேன். அதே 11.1. இரண்டாம் தடவை வைத்தேன், 11.1. அறுந்திருந்தால் எண் ஏறியிருக்கவேண்டுமே, பெட்டி சரியாகத்தான் இருக்கிறது என்று மறுபடியும் நம்பினேன். பொங்கல் விழாவில் ஒரு நண்பரின் சின்ன டிரான்சிஸ்டர் ஆம்பை வாங்கி வாசித்தேன். வாசித்து முடித்து இறங்கியபோது அழுகை வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆம்ப் திருத்தி வந்த பிறகும் அந்தப் பெட்டியில் செருகப் பயம். ஐந்து வாரம் அது மூலையில் நின்றது, மேலே துணி காயப்போட ஆரம்பித்துவிட்டோம்.

லோடு அறுந்தால் வால்வு ஆம்ப் ஏன் இப்படிப் போகிறது என்பதைச் சொல்லவேண்டும், ஏனென்றால் பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். டிரான்சிஸ்டர் ஆம்புக்கு ஆபத்து குறைந்த ஓம். நாலு ஓமுக்குச் செய்த ஆம்பில் இரண்டு ஓம் மாட்டினால் அளவுக்கு மீறி கரண்ட் இழுத்துச் சூடாகும். ஸ்பீக்கரே இல்லாமல் விட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. டிரான்ஸ்பார்மர் உள்ள வால்வு ஆம்புக்கு அது நேர்மாறு. ஸ்பீக்கர் இல்லாவிட்டால்தான் அதற்கு உயிராபத்து. வால்வு கரண்டை விட்டு விட்டுத் தள்ளும்போது டிரான்ஸ்பார்மரின் சுருளில் சேரும் சக்தி ஸ்பீக்கர் வழியாக வெளியேறவேண்டும். வழி அடைபட்டால் அது வோல்டேஜாக எகிறி, வால்வு சாக்கெட்டிலோ டிரான்ஸ்பார்மரின் இன்சுலேஷனிலோ பொறியாகப் பாயும். முழுதாக அறுந்தால்தான் இந்த நிலை என்றில்லை, ஓம் இருமடங்காகிவிட்ட நிலையில் ஆம்பை முழுச் சத்தத்தில் வைத்து வாசித்தாலும் அந்தப் பக்கம்தான் போகிறோம். இதனால் வாசிக்கும் நடுவில் சத்தம் தானாகக் குறைந்தால் கூட்டாதீர்கள். வாசிப்பை நிறுத்தி, ஒலியை நிறுத்தி வால்வை மட்டும் சூடாக வைக்கும் ஸ்டாண்ட்பை சுவிட்சைப் போட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம். நான் அன்று ஒலியைக் கூட்டாமல் இருந்திருந்தால் ஒருவேளை 270 பவுண்டு மிஞ்சியிருக்கும்.

விடை கிடைத்தது பிப்ரவரியில், எதிர்பாராமல். எங்கள் தெருவில் ஓர் ஐயா இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். யாழ்ப்பாணத்தில் வால்வு ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். வீட்டுக்கு வந்தவர் துணிக்கு அடியில் தெரிந்த பெட்டியைப் பார்த்து, "என்ன தம்பி, இவ்வளவு பெரிய ஸ்பீக்கர் பெட்டியை மூலையிலை விட்டிட்டீர்?" என்றார். கதையைச் சொன்னேன். மீட்டரைக் கொண்டுவரச் சொல்லி அளந்தார். 11.1. "நாலும் பதினாறு ஓம் எண்டா பன்னெண்டரைக்குக் குறையாமல் காட்டோணும். இது ஏன் பதினொண்டு?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் நாலு மாதமாகக் கேட்காத கேள்வி அது. "சும்மா கிடக்கேக்கை அளந்தாக் காணாது தம்பி. ஆட்டிப் பாக்கோணும். கழட்டும் பாப்பம்."

பின்பலகையைச் சுற்றி ஸ்க்ரூ, அது போதாதென்று நடுவிலும் ஒன்று. முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே ஒரு மரத்துண்டு தூண் மாதிரி நிற்கிறது, நடு ஸ்க்ரூ அதில் ஏறியிருக்கிறது. அதைக் கழற்றாமல் பலகையை நெம்பினால் உடையும். பலகை வந்ததும் ஐம்பது வருடத்துத் தூசியும் பழைய மரத்தின் வாசமும். ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு குனியாதே என்று என்னைத் தள்ளி நிறுத்தினார் ஐயா. காந்தம் சட்டென்று இழுத்துக்கொள்ளும், நுனி கோனைக் கிழித்துக்கொண்டு போய்விடும். இதை நான் யோசித்ததே இல்லை. மீட்டரின் இரண்டு முனையையும் கேபிளில் கவ்வி வைத்துவிட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கரின் சட்டத்து இடைவெளி வழியாக நாலு விரலை நுழைத்து, கோனை ஒரே சீராக, பூப்போல, அரை சென்டிமீட்டருக்கும் குறைவாக அழுத்தினார். முதல் ஸ்பீக்கர், எண் லேசாக ஆடி நின்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை அழுத்தினதும் மீட்டர் 26.0 என்று தாவியது. விரலை எடுத்தார், 11.1. அழுத்தினார், 26.0. ஐயா ஒன்றும் பேசவில்லை, எனக்காக இன்னும் ஒருமுறை அழுத்திக் காட்டினார். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்பீக்கரின் முனையிலிருந்து கோனுக்குப் போகும் பின்னல் கம்பி இருக்கிறதே, கோன் ஆட ஆட அதுவும் வளைந்து நிமிர்ந்துகொண்டே இருக்கும். அது கோனில் நுழையும் இடத்தில் உள்ளுக்குள் இற்றுப்போய், ஓரிரு இழையில் ஒட்டிக்கொண்டிருந்தது. பெட்டி சும்மா இருக்கும்போது தொட்டுக்கொண்டிருக்கும். மெதுவாக வாசித்தாலும் தொட்டுக்கொண்டிருக்கும். சத்தமாக வாசித்து கோன் பெரிதாக ஆடினால் விட்டுவிடும். வீட்டில் மெதுவாக வாசித்து எத்தனை தடவை சோதித்தாலும், சும்மா நிற்கும் பெட்டியில் எத்தனை தடவை அளந்தாலும் இது தெரியவே தெரியாது. அந்த ஸ்பீக்கர் விட்டதும் அதோடு சீரீஸில் இருந்த நாலாவதும் செத்துவிடும். மிச்சம் ஒரு ஜோடி, முப்பத்திரண்டு ஓம். ஆம்ப் பதினாறை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு ஸ்டுடியோவில் பாதியாகச் சுருங்கிய சத்தம் அதுதான்.

அப்புறம் நாலையும் தனித்தனியாக அளந்தோம். இதற்கு ஒயரை ஒரு பக்கமாவது கழற்றவேண்டும், இல்லாவிட்டால் மற்ற ஸ்பீக்கர்களும் சேர்ந்து எண்ணைக் குழப்பும். 12.9, 13.1, பழுதானது 12.7, நாலாவது வெறும் 6.6. நாலாவது எட்டு ஓம் ஸ்பீக்கர்! பின்னால் பச்சை மூடி, மற்ற மூன்றிலும் இருப்பது போலவே ஓம் எழுதிய லேபிள், எல்லாம் ஒரே மாதிரி. கிரீன்பேக்கில் லேபிள் ஒட்டியிருப்பது காந்தத்தை மூடும் அந்தப் பிளாஸ்டிக் மூடியில்தான். எப்போதோ ஒரு ஸ்பீக்கர் எரிந்துபோக, யாரோ அதன் மூடியை எடுத்துப் புதிய ஸ்பீக்கரில் மாட்டிவிட்டிருக்கிறார்கள். ஏமாற்றத்தான் செய்தார்கள் என்று சொல்லமாட்டேன், பார்க்க ஒரே மாதிரி இருக்கட்டும் என்று செய்திருக்கலாம். பழைய செலஸ்டியன் வாங்குகிறவர்கள் மூடியைப் பார்க்காதீர்கள், இரும்புச் சட்டத்தின் விளிம்பில் குத்தியிருக்கும் எழுத்தைப் பாருங்கள். என் பெட்டியில் மூன்றில் டி1221 என்று இருந்தது, அது செலஸ்டியனின் ஜி12எம் வகையின் 75 ஹெர்ட்ஸ் கோன். பக்கத்தில் நாளும் மாதமும் வருடமும் சுருக்கெழுத்தில் இருக்கும், மூன்றும் 1973 என்று வந்தது. நாலாவதின் விளிம்பில் இருந்தது வேறு ஏதோ.

ஐயா பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு ஜோடி 16-உம் 16-உம், 32 ஓம். இன்னொன்று 16-உம் 8-உம், 24 ஓம். இரண்டும் பேரலலில் சேர்ந்தால் 13.7. ஆம்புக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை, தாங்கிக்கொள்ளும். கெடுதல் உள்ளே நடக்கிறது. மொத்த வாட்டில் ஏழில் நாலு பங்கு அந்த 24 ஓம் ஜோடிக்குப் போகும். அந்த ஜோடிக்குள் இரண்டிலும் ஒரே கரண்ட் ஓடுவதால், 16 ஓம் ஸ்பீக்கர் 8 ஓமைப்போல் இருமடங்கு வாட்டை வாங்கும். ஆகமொத்தம் அந்த ஒரே ஸ்பீக்கர் தலையில் 38 சதவீதம் விழுகிறது. சமமாகப் பகிர்ந்தால் 25 சதவீதம்தான் விழவேண்டும். 50 வாட் ஆம்ப் நன்றாகக் கிழிய வாசிக்கும்போது எழுபது வாட் பக்கம் தள்ளும் என்று வைத்தால் அந்த ஸ்பீக்கருக்கு 26, 27 வாட். அது தாங்குவதற்குச் செய்யப்பட்டது 25 வாட். அந்தக் காலத்து ஸ்பீக்கர் ஒன்றால் தாங்கமுடியாது என்பதால்தானே நாலாகப் போட்டுச் சுமையைப் பங்கு வைத்தார்கள். அந்தப் பங்கு கெட்டதும் எந்த ஸ்பீக்கர் அதிகம் சுமந்ததோ அதன் கம்பிதான் இற்றிருக்கிறது. இதைப் பார்த்தபோது எனக்குக் கோபத்தைவிட, அந்த ஸ்பீக்கர் மேல் இரக்கம்தான் வந்தது.

தகரச் சத்தத்துக்குக் காரணம் தனி. ஒன்பது வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவை ஸ்பீக்கரின் சிவப்பு முனையிலும் நெகட்டிவை மற்றதிலும் ஒரு நொடி தொட்டால் கோன் முன்னால் தள்ளும். தொட்டுவிட்டு எடுத்துவிடவேண்டும், பிடித்துக்கொண்டிருக்கக்கூடாது. கேபினெட்டின் ஒயர் முனையில் தொட்டபோது மூன்று கோன் முன்னால் போனது, எட்டு ஓம் ஸ்பீக்கர் மட்டும் உள்ளே இழுத்தது. மாற்றியவர்கள் ஒயரையும் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். மூன்று பேர் காற்றைத் தள்ள ஒருவர் இழுத்தால் அடிச்சுருதி ஒன்றையொன்று தின்றுவிடும். மேல்சுருதி மட்டும் மிஞ்சும். கலந்து மாட்டியிருக்கும் பெட்டிகளில் இதைக் கட்டாயம் பாருங்கள். பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர்களில் சிவப்பில் பாசிட்டிவ் கொடுத்தால் கோன் உள்ளேதான் போகும், அவர்கள் அப்படித்தான் செய்தார்கள். நிறத்தை நம்பாமல் கோன் எந்தப் பக்கம் போகிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு ஒயரை மாட்டுங்கள்.

திருத்தியது கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். பின்னல் கம்பி ஒரு துண்டு தபாலில் வந்தது, 6 பவுண்டு. ஐயா தன் பழைய சால்டரிங் அயர்னை எடுத்துவந்து, இற்றுப்போனதை வெட்டி எடுத்து, புதியதை அதே நீளத்தில் வைத்து ஈயம் பிடித்தார். நீளம் குறைந்தால் கோனை இழுத்துப் பிடிக்கும், கூடினால் கோனில் அடித்து உறுமும் என்று இரண்டு தடவை வைத்து வைத்துப் பார்த்தார். கை நடுக்கம் இருந்தது, ஆனால் அயர்ன் கம்பியைத் தொட்ட அந்த இரண்டு நொடியில் நடுக்கம் இல்லை. நான் டார்ச் பிடித்தேன். இந்த ஒரு வேலைக்காக முழுதாக ரீகோன் (கோனையும் காயிலையும் புதிதாக மாற்றுவது) பண்ணிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். வாய்ஸ் காயில் நன்றாக இருக்கிறவரை பழைய கோனைக் கிழித்து எடுக்கவேண்டாம் என்பது என் கருத்து. இந்த ஸ்பீக்கருக்கு விலையே அந்தக் காகிதக் கோனுக்குத்தான். எட்டு ஓம் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, பழைய 16 ஓம் ஜி12எம் ஒன்றை 110 பவுண்டுக்குத் தேடி வாங்கினேன். இந்தத் தடவை மீட்டரோடு போனேன். 12.8. விற்றவர் முன்னாலேயே கோனை அழுத்திப் பார்த்தேன், எண் அசையவில்லை, அப்புறம்தான் பணம் கொடுத்தேன்.

எல்லாம் மாட்டியபின் மொத்தம் 12.9 காட்டியது. அதோடு விடாமல் உண்மையான இம்பீடன்ஸையும் அளந்தோம், இது வீட்டிலேயே செய்யலாம். பத்து ஓம், பத்து வாட் ரெசிஸ்டர் ஒன்றை கேபினெட்டோடு சீரீஸில் கோத்து, போனிலிருந்து 400 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ஆம்ப் வழியாக மெதுவாகக் கொடுக்கவேண்டும். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ரெசிஸ்டருக்குக் குறுக்கே எவ்வளவு, கேபினெட்டுக்குக் குறுக்கே எவ்வளவு என்று பார்த்து, கேபினெட்டின் வோல்ட்டை ரெசிஸ்டரின் வோல்ட்டால் வகுத்துப் பத்தால் பெருக்கினால் இம்பீடன்ஸ். எங்களுக்கு 0.50-உம் 0.79-உம் வந்தது, 15.8 ஓம். இதற்கு வால்வு ஆம்பைப் பயன்படுத்தவேண்டாம். ஆம்பின் உள்ளேயும் கைவைக்கவேண்டாம். பிளக்கை உருவிய பிறகும் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் வோல்டேஜ் நிற்கும். ஆம்பிலிருந்து பிரித்துவிட்ட கேபினெட்டுக்குள் அந்த ஆபத்து கிடையாது, தைரியமாகத் திறக்கலாம். இன்னொன்று, ஆம்புக்கும் கேபினெட்டுக்கும் நடுவில் கிதார் கேபிளைப் போடாதீர்கள். ஜாக் ஒன்றுதான், ஆனால் உள்ளே இருக்கும் கம்பி நூல் மாதிரி. ஸ்பீக்கர் கேபிள் என்றே கேட்டு வாங்குங்கள்.

கூட்டிப் பார்த்தால் தேவையில்லாமல் மாற்றிய வால்வும் பார்வைக்கூலியும் 133, டிரான்ஸ்பார்மர் போனதில் 270, கடைசியில் உண்மையான பழுதுக்கு 116. மொத்தம் 519 பவுண்டு, நாலரை மாதம், ஒரு பொங்கல் மேடை. வாங்கின அன்றைக்கே பலகையைத் திறந்திருந்தால் 116-ஓடு முடிந்திருக்கும். ஐயாவிடம் கூலி பற்றிப் பேச்செடுத்தேன், "ஒரு பாட்டு வாசியும்" என்றார்.

பலகையை மூடுவதற்கு முன் உள்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தோம். ஐம்பது வருடத்தில் யார் யாரோ திறந்திருக்கிறார்கள், ஒருவரும் ஒரு வரி எழுதிவைக்கவில்லை. நான் பென்சிலை எடுத்து நாலு ஸ்பீக்கரின் எண்களையும், எது எதோடு சீரீஸ் என்பதையும், எது மாற்றியது என்பதையும் பலகையில் எழுதினேன். ஐயா படித்துவிட்டு, "திகதி போடேல்லையே" என்றார். அதையும் எழுதிவிட்டு ஸ்க்ரூவை முறுக்கினோம். ஆம்பைச் செருகி, செலக்டரை 16-இல் வைத்து, ஸ்டாண்ட்பையை எடுத்துவிட்டு அடித்தந்தியை ஒருமுறை தட்டினேன். ஐயா பின்னால் ஓரடி நகர்ந்தார்.